இரண்டு தகடுகளுக்கு நடுவே

என் காரின் இடப்பக்கக் கதவுகளுக்குக் கீழே ஓடும் தகட்டை, டிங்கர்கள் ரன்னிங் போர்டு என்று சொல்லும் பகுதியை, சில வருடங்களுக்கு முன் ஒரு லாரி நசுக்கிவிட்டது. பட்டறையில் அந்தத் துண்டை வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்துப் பற்றவைத்து, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்துக் கொடுத்தார்கள். வேலை அவ்வளவு சுத்தம். வெயிலில் நிறுத்திச் சாய்ந்து பார்த்தாலும் பழையது எங்கே முடிகிறது, புதியது எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியவில்லை. மூன்றாவது ஐப்பசி மழை போய்த் தை வந்தபோது, அதே இடத்தில் கடுகு கடுகாகக் கொப்புளங்கள். கட்டைவிரலால் அழுத்தினேன். அப்பளம் நொறுங்கும் சத்தத்தோடு உள்ளே போனது. விரலில் செம்பழுப்புத் தூள்.

இரண்டு விஷயங்கள் என்னைக் குழப்பின. வலப்பக்கம், கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் பத்து வருடத் தகட்டில் ஒரு புள்ளி துரு இல்லை. மூன்று வயதுத் தகடு எப்படி முந்திக்கொண்டது? அடுத்தது, கொப்புளங்கள் அங்கும் இங்கும் சிதறி வரவில்லை. பழைய தகடும் புதிய தகடும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து பற்றவைக்கப்பட்ட கோட்டின் மேலேயே, நூல் பிடித்ததுபோல் வரிசையாக வந்திருந்தன.

அம்பத்தூரிலிருந்து ஆவடி போகும் சி.டி.எச். சாலையை ஒட்டிய சந்து ஒன்றில், வேறொரு பட்டறை மேஸ்திரி அந்த இணைப்பை எனக்காக வெட்டிப் பிரித்துக் காட்டினார். இரண்டு தகடுகளும் ஒன்றையொன்று பார்த்திருந்த முகங்கள் மட்டும் அரித்துப்போயிருந்தன. "பாருங்க சார், வெளிய இருந்து வரல. நடுவுல இருந்து வந்திருக்கு. மூடிட்டா அப்புறம் அந்த இடத்துக்குக் கையும் போகாது, பிரஷ்ஷும் போகாது" என்றார். இந்தக் கட்டுரை முழுவதும் அந்தக் கை போகாத இடத்தைப் பற்றியதுதான்.

கார் பிறக்கும்போது அந்த இடத்தை எப்படிக் காக்கிறார்கள் என்று முதலில் பார்ப்போம். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து ஆலைகளில் தகடுகளை அச்சில் அழுத்தி, ரோபோக்கள் பற்றவைத்து, கூடு முழுமையானதும் அதை அப்படியே ஒரு பெரிய பெயிண்ட் தொட்டியில் முக்கி எடுப்பார்கள். தொட்டியில் மின்சாரம் ஓடும். பெயிண்ட் துகள்கள் மின்னூட்டம் பெற்று, உலோகம் எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் தேடிப்போய் ஒட்டும். மடிப்பு, பொந்து, பெட்டிபோல் மூடிய உட்பகுதி வரை போய்ச் சேரும். பிறகு சுமார் 170, 180 டிகிரி சூட்டில் அடுப்பில் சுட்டு இறுக்குவார்கள். பல கார்களில் தகடே துத்தநாகம் பூசப்பட்டுத்தான் ஆலைக்குள் வருகிறது. ஆக, ஆலையில் வரிசை இதுதான்: முதலில் பற்றவைப்பு, பிறகு பூச்சு.

பட்டறையில் இந்த வரிசை நடக்காது. இருக்கை, ஒயர், கண்ணாடி, ரப்பர் எல்லாம் பொருத்திய காரைத் தொட்டியில் முக்க முடியாது, 180 டிகிரியில் சுடவும் முடியாது. வெட்டி ஒட்டிய பிறகு வெளிமுகத்துக்கு எத்தனை கோட் பெயிண்டும் அடிக்கலாம். நடுமுகத்துக்கு ஒன்றும் செய்ய முடியாது. எனவே அங்கே பூச வேண்டியதைப் பற்றவைக்கும் முன்பே பூசியாக வேண்டும். ஆனால் பெயிண்ட் மின்சாரத்தைத் தடுக்கும், மின்சாரம் இல்லாமல் ஸ்பாட் வெல்டிங் இல்லை. பற்றவைக்கும் சூடு பெயிண்டை எரிக்கும், எரிந்த புகை வெல்டிங்கைக் கெடுக்கும். இந்த முட்டுக்கட்டையை விலக்க உண்டானதுதான் வெல்டு-த்ரூ பிரைமர். தமிழில் ஊடுபற்றுப் பூச்சு என்று சொல்லிப் பார்க்கலாம். தன் ஊடாகவே பற்றவைக்க இடம் கொடுக்கும் பூச்சு.

பற்றவைப்பு சென்னையின் இந்த மேற்குப் புறநகருக்குப் புதிய வித்தை இல்லை. 1949இல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ் அம்பத்தூரில் மிதிவண்டி செய்தது. 1955இல் ஆவடியில் வந்த டியூப் புராடக்ட்ஸ் ஆலை, உருக்குப் பட்டையைச் சுருட்டி, விளிம்புகளை மின்சாரத்தாலேயே உருக்கி இணைத்துக் குழாயாக்கியது. பாடியில் வீல்ஸ் இந்தியா, ஆவடியில் டாங்கி செய்யும் கனரக வாகன ஆலை, பிறகு அம்பத்தூர் தொழிற்பேட்டையின் எண்ணற்ற சிறு பட்டறைகள் என்று, இரும்பை இரும்போடு சேர்க்கத் தெரிந்த கைகள் தலைமுறை தலைமுறையாக இங்கே இருக்கின்றன. அப்படிப்பட்ட ஊரில், கார் பழுதுபார்க்கும் இடங்கள் பலவற்றில் இரண்டு தகடுகளுக்கு நடுவே ஒன்றும் பூசாமலோ, கைக்குக் கிடைத்த ரெட் ஆக்சைடைத் தடவியோ மூடிவிடுகிறார்கள் என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. திறமைக் குறைவு இதற்குக் காரணமில்லை. நடுவில் என்ன நடக்கிறது என்று யாரும் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கவில்லை.

நடுவில் என்ன நடக்கிறது? அதற்குச் சமையலறை அலமாரியைப் பாருங்கள். இரவு கழுவிய எவர்சில்வர் டம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்று செருகி வைத்தால், காலையில் வெளிப்பக்கம் உலர்ந்திருக்கும். பிரித்துப் பார்த்தால் இடையில் ஈரம் அப்படியே இருக்கும். இடுக்கு எவ்வளவு குறுகலோ அவ்வளவு வலுவாகத் தண்ணீர் உள்ளே இழுக்கப்படும், அவ்வளவு தாமதமாக வெளியேறும். வேட்டி ஓரம் ஈரத்தில் பட்டால் அது மேலே ஏறுவதும் இதே விசையால்தான். நுண்புழை ஏற்றம் என்று பள்ளியில் படித்திருப்போம். ஒன்றன்மேல் ஒன்று படிந்த இரண்டு தகடுகள் அந்த டம்ளர்களைப் போன்றவை. மழை நின்று கார் உலர்ந்து நாள் கணக்காகியும் நடுவில் மழைக்காலம் தொடரும்.

ஈரம் மட்டும் இருந்தால் இவ்வளவு வேகமாக அரிக்காது. இங்கே இன்னொரு விசித்திரம் சேர்கிறது. இதைக் கண்ணுக்குத் தெரியும்படி காட்டியவர் கேம்பிரிட்ஜில் ஆராய்ந்த யு. ஆர். எவன்ஸ். 1920களில் அவர் செய்த சோதனையைப் பிளஸ் டூ ஆய்வகத்திலேயே செய்து பார்க்கலாம். தேய்த்துப் பளபளப்பாக்கிய இரும்புத் தகட்டின்மேல் ஒரு சொட்டு உப்புநீர். அதில் இரண்டு நிறங்காட்டிகள். பொட்டாசியம் ஃபெரிசயனைடு, இரும்பு கரைந்து வரும் இடத்தில் நீலமாகும். பினாப்தலீன், காரம் உண்டாகும் இடத்தில் இளஞ்சிவப்பாகும். முதலில் சொட்டு முழுவதும் நீலமும் சிவப்புமாகப் புள்ளிகள் கலந்து தெரியும். கொஞ்ச நேரத்தில் அவை தாமாகவே பிரிந்து ஒதுங்கும். சொட்டின் நடு நீலம். விளிம்பைச் சுற்றி இளஞ்சிவப்பு வளையம். இரண்டும் சந்திக்கும் இடத்தில் மெல்லப் பழுப்புத் துரு படியும்.

இதன் பொருளை நிதானமாகப் பார்க்க வேண்டும். துருப்பிடிப்பது என்றால் இரும்பு தன் எலக்ட்ரான்களைக் கொடுத்துவிட்டுக் கரைவது. அந்த எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்ள ஆள் வேண்டும். வாங்குவது ஆக்சிஜன். சொட்டின் விளிம்பில் காற்று தாராளமாகக் கிடைப்பதால் வாங்கும் வேலை அங்கே நடக்கிறது. நடுவில் காற்று போய்ச் சேர்வது கடினம் என்பதால் கொடுக்கும் வேலை நடுவில் விழுகிறது. வேதியியல் நூல்களில் கொடுக்கும் இடம் நேர்மின்வாய், வாங்கும் இடம் எதிர்மின்வாய். ஆக்சிஜன் அதிகமாக உள்ள இடம்தான் அரிக்கும் என்று நினைப்போம். எவன்ஸ் காட்டியது நேர்மாறு: ஆக்சிஜன் குறைந்த இடத்தில் இரும்பு கரைகிறது, ஆக்சிஜன் நிறைந்த இடம் அதைக் கரைய வைக்கிறது.

இப்போது அந்தச் சொட்டை இழுத்து நீட்டி இரண்டு தகடுகளுக்கு நடுவே வையுங்கள். விளிம்பில் காற்று, உள்ளே காற்றில்லாத ஈரம். விளிம்பு வாங்குகிறது, உள்முகம் கொடுக்கிறது. என் காரில் நடந்தது இதுதான். உண்டான துரு, கரைந்த இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். பழைய வீடுகளில் சன்ஷேட் காரையைக் கம்பியின் துரு பெயர்த்துத் தள்ளுவதைச் சென்னையில் பார்க்காதவர் இருக்க முடியாது. அதே விசை இங்கே பட்டியையும் பெயிண்டையும் உள்ளிருந்து உந்திக் கொப்புளமாக்குகிறது.

அம்பத்தூர் கடலிலிருந்து ஏறக்குறைய 15 கிலோமீட்டர் உள்ளே, ஆவடியும் பூந்தமல்லியும் 20 கிலோமீட்டர் உள்ளே. உப்புக்காற்றின் முழு வீச்சு இங்கே இல்லை. ஆனால் காற்றின் ஈரப்பதம் நமக்கு எதிராக இருக்கிறது. மாசு கலந்த காற்றில் ஈரப்பதம் 60, 70 சதவீதத்தைத் தாண்டும்போதுதான் இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கத் தொடங்குகிறது என்று 1930களில் இங்கிலாந்தில் வெர்னன் என்ற ஆய்வாளர் அளந்து சொன்னார். நம் ஊரில் அந்தக் கோட்டுக்குக் கீழே ஈரப்பதம் நிற்கும் இரவுகள் குறைவு. போதாததற்கு உப்புக் கரிக்கும் போர் தண்ணீரில் கார் கழுவுகிறோம். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் கார்கள் நாள் கணக்கில் தண்ணீரில் நின்றன. அம்பத்தூர் தொழிற்பேட்டைத் தெருக்களே நீரில் மூழ்கிக் கிடந்தன. ரன்னிங் போர்டுக்குள் புகுந்த அந்தச் சேற்றை யார் கழுவினார்கள்?

சரி, நடுமுகத்தில் என்ன பூசுவது? மறுபடியும் வீட்டுப் பொருள்கள் இரண்டு. ஒன்று ஜிஐ வாளி, மற்றது பழைய எண்ணெய்த் தகர டின். இரண்டிலும் உள்ளே இருப்பது இரும்புதான். வாளிக்கு மேல்பூச்சு துத்தநாகம், டின்னுக்கு வெள்ளீயம். இரண்டிலும் ஆணியால் ஆழமாக ஒரு கோடு கிழித்து மொட்டை மாடியில் மழையில் வையுங்கள். டின்னின் கீறல் சில நாளில் சிவந்துவிடும். வாளியின் கீறல் சாம்பல் நிறமாகவே இருக்கும், ஓரத்தில் கொஞ்சம் வெள்ளைத் தூள் படியும். இரும்பு வெளியே தெரிந்தும் ஏன் துருப்பிடிக்கவில்லை?

எலக்ட்ரானைக் கொடுக்க உலோகங்களுக்கு ஒரே மாதிரி மனம் இல்லை. இந்த விருப்பத்தை வோல்ட்டில் அளக்கலாம். துத்தநாகத்துக்கு மைனஸ் 0.76, இரும்புக்கு மைனஸ் 0.44, வெள்ளீயத்துக்கு மைனஸ் 0.14, செம்புக்கு பிளஸ் 0.34. எண் எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு தாராளம். இரண்டு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டபடி ஈரத்தில் இருந்தால், ஆக்சிஜன் கேட்கும் எலக்ட்ரானைத் தாராளமானது தருகிறது, மற்றது தப்பிக்கிறது. கடன்காரன் வந்து நிற்கும்போது ஜாமீன் போட்டவர் முன்வந்து கட்டுவதைப் போல, இரும்பின் கடனைத் துத்தநாகம் கட்டுகிறது. தகர டின்னில் வெள்ளீயம் கெட்டி, எனவே கீறலில் வெளிப்பட்ட இரும்பே கட்ட வேண்டியதாகிறது.

1824இல் ஹம்ஃப்ரி டேவி இதைப் பெரிய அளவில் செய்து பார்த்தார். பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் அடிப்பாகத்தில் அடித்திருந்த செப்புத் தகடு கடல்நீரில் அரித்துக்கொண்டிருந்தது. அதன்மேல் துத்தநாகம் அல்லது இரும்பின் சிறு துண்டுகளைப் பதித்தால் செம்பு அரிப்பது நிற்கும் என்று கணித்தார், நின்றது. ஆனால் செம்பு கரையாமல் போனதும், அதன் நஞ்சுக்குப் பயந்து ஒதுங்கியிருந்த கடற்பாசியும் சிப்பிகளும் கப்பல் அடியில் தாராளமாக ஒட்டிக்கொண்டன, கப்பலின் வேகம் குறைந்தது. திட்டத்தைக் கைவிட்டார்கள். கருத்து சரி, பயன்படுத்திய இடம் தவறு. 1837இல் பிரான்சில் சோரல் என்பவர் உருகிய துத்தநாகத்தில் இரும்பை முக்கி எடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். நம் வாளியின் கதை அங்கிருந்து வருகிறது.

துத்தநாகம் ஜாமீன் போட ஒரே ஒரு நிபந்தனை உண்டு: அது இரும்பை உலோகத்தோடு உலோகமாகத் தொட வேண்டும். நடுவில் துருப் படலமோ பழைய பெயிண்டோ இருந்தால் எலக்ட்ரான் கடக்க வழியில்லை. துருவின்மேல் துத்தநாக ஸ்பிரே அடிப்பது வெறும் சாயம் அடிப்பதற்குச் சமம். தேய்த்து, பளிச்சென்று இரும்பு தெரிய வைத்து, எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைத்த பிறகே அடிக்க வேண்டும். அதேபோல், கம்பெனியிலிருந்து வரும் புதுத் தகட்டில் ஏற்கெனவே துத்தநாகம் இருந்தால் கிரைண்டரை எடுத்து அதை வழித்துவிடக் கூடாது. 7 முதல் 10 மைக்ரான் கனமே உள்ள அந்தப் படலத்துக்கு ஈடான பூச்சு எந்த டப்பாவிலும் இல்லை.

இனி பற்றவைப்புக்கு வருவோம். 1886இல் எலிஹு தாம்சன் என்ற அமெரிக்கர் காப்புரிமை பெற்ற மின்தடைப் பற்றவைப்பின் வாரிசுதான் ஸ்பாட் வெல்டிங். இரண்டு தகடுகளை இரண்டு செப்பு முனைகள் இருபுறமும் அழுத்திப் பிடிக்கும். கண் இமைக்கும் நேரம், பல ஆயிரம் ஆம்பியர் பாயும். மின்சாரம் தடுமாறும் இடத்தில் சூடு பிறக்கும். செம்பில் தடுமாற்றம் குறைவு, தகடுகள் ஒன்றையொன்று தொடும் முகத்தில் மிக அதிகம். எனவே சரியாக நடுவில் ஒரு பொட்டு அளவு இரும்பு உருகி உறைகிறது. ஒரு காரில் இப்படிப்பட்ட பொட்டுகள் ஆயிரக்கணக்கில் உண்டு. நடுவே ரெட் ஆக்சைடு இருந்தால் மின்சாரம் ஓடாது. எங்கேயாவது ஒரு ஊசிமுனை வழி கிடைத்தால் மொத்த மின்சாரமும் அதில் பாய்ந்து, உருகிய இரும்பு பட்டாசுபோல் தெறிக்கும்.

துத்தநாகப் பூச்சு மட்டும் எப்படி வழிவிடுகிறது? இந்த ஊடுபற்றுப் பூச்சு என்பது பிசினில் கலந்த துத்தநாகத் தூள். பிசின் மின்சாரம் கடத்தாது, தூள் கடத்தும். காலை எட்டரை மணிக்கு ஆவடியிலிருந்து பிராட்வே போகும் பேருந்தை நினைத்துக்கொள்ளுங்கள். பின்படியில் தொங்கும் ஒருவர் "பாஸ் பண்ணுங்க" என்று கொடுக்கும் ரூபாய், கை மாறிக் கை மாறி நடத்துநரிடம் போய், டிக்கெட்டும் சில்லறையும் அதே வழியில் திரும்பி வரும். யாரும் இடத்தைவிட்டு நகர்வதில்லை. அதே பேருந்து மத்தியானம் காலியாகப் போகும்போது, பத்துப் பேர் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்தால் கைக்குக் கை எட்டாது. துத்தநாகத் துகள்களும் அப்படித்தான். நெரிசலாக, ஒன்றையொன்று தொட்டபடி இருந்தால் மட்டுமே எலக்ட்ரான் கை மாறும். பாதி நெரிசலில் பாதி மின்சாரம் போகும் என்பது இல்லை. ஒரு அளவுக்குக் கீழே ஏறக்குறைய ஒன்றுமே போகாது, அதைத் தாண்டியதும் திடீரென்று வழி திறக்கும்.

இதனால்தான் டப்பாவில் துத்தநாகத்தின் பங்கு எவ்வளவு என்பது முதல் கேள்வியாகிறது. உருக்குக் கட்டுமானங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 12944 விதித்தொகுப்பு, காய்ந்த படலத்தின் எடையில் 80 சதவீதமாவது துத்தநாகத் தூள் இருந்தால்தான் அதைத் துத்தநாகம் செறிந்த பூச்சு என்று ஏற்கிறது. கார்களுக்கான ஊடுபற்றுப் பூச்சுகளில் இது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், சிலவற்றில் மிகக் குறைவு. கம்பெனியின் தகவல் தாளில் இந்த எண்ணைத் தேடுங்கள். எண் இல்லாத டப்பாவை நான் வாங்க மாட்டேன். வெள்ளிபோல் மின்னுவதைப் பார்த்தும் ஏமாற வேண்டாம். அலுமினியம் கலந்த பெயிண்ட்தான் அப்படி மினுக்கும், துத்தநாகத் தூள் மங்கிய சாம்பல் நிறம்.

நல்ல டப்பா வாங்கியும் கெடுக்க ஒரு சுலபமான வழி, அதைக் குலுக்காமல் அடிப்பது. துத்தநாகம் தண்ணீரைவிட ஏழு மடங்கு கனம். கடை அலமாரியில் மாதக்கணக்கில் நிற்கும் டப்பாவில் அது அடியில் கெட்டியாகப் படிந்திருக்கும். உள்ளே ஒரு சின்னக் குண்டு இருப்பது அந்தப் படிவைக் கலைக்கத்தான். முதலில் குலுக்கும்போது குண்டின் சத்தமே கேட்காது, அடிச்சேற்றில் சிக்கியிருக்கும். விடாமல் குலுக்கினால் மந்தமாக ஒரு தட்டல், பிறகு கலகலவென்ற சத்தம். அந்தக் கலகலப்பு வந்த பிறகும் இரண்டு நிமிடம் குலுக்க வேண்டும். அவசரப்பட்டால் மேலே நிற்கும் பிசின் மட்டும் தகட்டில் போய் உட்காரும், காலிப் பேருந்து.

ஸ்பாட் வெல்டிங்கில் இந்தப் பூச்சு மிக அழகாக நடந்துகொள்கிறது. துத்தநாகம் 420 டிகிரிக்கு அருகிலேயே உருகும். முனைகளின் அழுத்தத்தில் உருகிய துத்தநாகம் பொட்டிலிருந்து வெளியே பிதுங்கி, அதைச் சுற்றி ஒரு வளையமாக உறையும். காப்பு தேவைப்படும் இடத்திலேயே காப்பு தங்கிவிடுகிறது.

ஆனால் நம் புறநகர்ப் பட்டறைகளில் அதிகம் இருப்பது ஸ்பாட் மெஷின் இல்லை, சிஓ2 வெல்டிங்தான். மேல்தகட்டில் 6, 8 மில்லிமீட்டர் ஓட்டை போட்டு, அந்த ஓட்டையைக் கீழ்த்தகட்டோடு சேர்த்து உருகிய கம்பியால் நிரப்புவார்கள். இங்கே சிக்கல் வேறு. துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்து ஆவியாகும், இரும்பு உருகவோ 1500 டிகிரி வேண்டும். கொதிக்கும் எண்ணெய்ச் சட்டியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் என்ன ஆகும் என்று வடை சுட்டவர்களுக்குத் தெரியும். உருகிய இரும்புக் குட்டையின் அடியில் துத்தநாகம் அந்தச் சொட்டுத் தண்ணீர். ஆவி பீறிட்டுக் கிளம்பி, இரும்பைத் தெறிக்க வைத்து, உறையும் இரும்பில் ஊசித்துளைகளை விட்டுப்போகும். மேலே கிரைண்டர் போட்டுச் சமமாக்கினால் அழகாகத் தெரியும், உள்ளே பஞ்சுபோல் இருக்கும்.

அதற்காகப் பூச்சே வேண்டாம் என்று விட வேண்டியதில்லை. இரண்டு முகங்களிலும் பூசி, காயவிட்டு, தகடுகளைப் பொருத்திய பிறகு, ஓட்டைக்குள் தெரியும் இடத்தில் மட்டும் பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டுப் பற்றவைக்க வேண்டும். வெல்டிங்கைச் சுற்றிக் கொஞ்சம் துத்தநாகம் சூட்டில் போகும். மீதி முகம் முழுவதும் நிற்கும். ஈரம் பரவும்போது, பூச்சு போன இடத்தை ஒட்டிய சில மில்லிமீட்டர் தூரத்தை அக்கம்பக்கத்துத் துத்தநாகம் காக்கும்.

சிஓ2 வேலைக்கென்றே செம்புத் தூள் கலந்த ஊடுபற்றுப் பூச்சும் விற்கிறார்கள். செம்பு 1085 டிகிரி வரை உருகாது, மின்சாரத்தையும் நன்றாகக் கடத்தும், எனவே தெறிப்பு குறைவு. வெல்டருக்கு அது பிடித்துப்போவதில் வியப்பில்லை. ஆனால் மேலே சொன்ன வோல்ட் எண்களைத் திரும்பப் பாருங்கள். செம்பு ஜாமீன் போடாது. பிசின் விரிந்து ஈரம் உள்ளே போகும் நாளில், செம்புக்கும் இரும்புக்கும் இடையே கொடுக்க வேண்டியது இரும்புதான். வெல்டிங்குக்குச் செம்பு சுலபம், காருக்குத் துத்தநாகம் நல்லது. நம் ஊர் ஈரத்துக்கு, ரன்னிங் போர்டு, சக்கர வளைவு போன்ற நனையும் இடங்களில், கொஞ்சம் கூடுதலாக மெனக்கெட்டாலும் துத்தநாகத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் தீர்மானம்.

எவ்வளவு கனமாக அடிப்பது என்பதில் கைகள் பெரும்பாலும் தவறு செய்கின்றன. நிறைய அடித்தால் நிறையப் பாதுகாப்பு என்று தோன்றும். தலைமுடியின் கனத்தில் பாதிகூட இல்லாத 20, 25 மைக்ரான் படலம் போதும். கனம் கூடினால் தெறிப்பும் துளையும் கூடும். அடித்ததும் பற்றவைக்கவும் கூடாது, தின்னர் முழுக்கப் பறந்து காய வேண்டும். இணைப்புக்கு வெளியே வழிந்ததைத் துடைத்துவிட வேண்டும், ஏனென்றால் இந்தப் பூச்சின்மேல் மேல்பெயிண்டும் சீலரும் சரியாகப் பிடிப்பதில்லை. பசையும் வெல்டிங்கும் சேர்த்துப் போடச் சொல்லும் இணைப்புகளில் இந்தப் பூச்சையே பெரும்பாலும் தவிர்க்கச் சொல்கிறார்கள், பசை நேராக உலோகத்தைப் பிடிக்க வேண்டும். கார் கம்பெனிகளுக்குள் இதில் கருத்து ஒன்றாக இல்லை. அந்தந்த மாடலின் பழுதுபார்ப்புக் கையேடு சொல்வதே இறுதி.

இதெல்லாம் சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? வெல்டிங்கின் பலத்தை அறிய ஒரு பட்டறைச் சோதனை உண்டு, நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். மேஸ்திரி அதே கனமுள்ள இரண்டு துண்டுத் தகடுகளில் அதே பூச்சை அடித்து, அதே மெஷினில், அதே செட்டிங்கில் மூன்று பொட்டு வைத்தார். வைஸில் பிடித்து, இரண்டு தகடுகளுக்கு நடுவே உளியைச் செருகிச் சுத்தியால் தட்டினார். முதல் பொட்டு ஒரு தகட்டோடு ஒட்டிக்கொண்டு, மறு தகட்டைக் கிழித்துக்கொண்டு வந்தது. மறு தகட்டில் வட்டமாக ஓட்டை. "இதான் சார் வேணும். தகடு கிழியணும், ஸ்பாட் விடக் கூடாது" என்றார். மூன்றாவது பொட்டு கிழிக்காமல் வழுக்கிப் பிரிந்தது. அந்த இடத்தில் பூச்சு கனமாக விழுந்திருந்தது. அவர் ஒன்றும் பேசாமல் துண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, புதுத் துண்டில் மெல்லியதாக அடித்து மறுபடி தொடங்கினார். ஐந்து நிமிட வேலை. காரில் கை வைக்கும் முன் எல்லாப் பட்டறையிலும் இது நடக்க வேண்டும்.

துருவைத் தாங்குமா என்பதை அறிவது இவ்வளவு சுலபம் இல்லை. டப்பாக்களில் இத்தனை மணி நேரம் உப்புச் சோதனை தாங்கியது என்று அச்சிட்டிருப்பார்கள். 1939இல் அமெரிக்காவில் விதியாக்கப்பட்ட பழைய சோதனை அது: மூடிய பெட்டிக்குள் 35 டிகிரி சூட்டில் 5 சதவீத உப்புநீரை ஓயாமல் மூடுபனியாகத் தெளிப்பது. ஒரு பூச்சை இன்னொன்றோடு ஒப்பிட உதவும். அந்த மணி நேரத்தை வருடமாக மாற்ற முடியாது. துத்தநாகம் நனைந்து உலரும்போது காற்றின் கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து தன்மேல் ஒரு காப்புப் படலம் கட்டிக்கொள்கிறது. ஓயாத மூடுபனியில் அதற்கு அந்த வாய்ப்பே கிடைக்காது. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் மண்டபம் கடற்கரையில் நிலையம் வைத்து உலோகத் தகடுகளை உண்மையான வெயிலிலும் உப்புக்காற்றிலும் நிறுத்திப் பார்த்ததும், நாடெங்கும் இப்படி அளந்து இந்தியாவின் அரிமான வரைபடத்தை உருவாக்கியதும் இந்தக் காரணத்தால்தான். பெட்டிக்குள் சில வாரத்தில் கிடைக்கும் விடையைவிட, வெளியில் வருடங்கள் காத்திருந்து கிடைக்கும் விடை நம்பகமானது.

இதைச் செய்பவரின் உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். துத்தநாக ஆவி காற்றில் எரிந்து வெண்புகையாகும். அதை மூச்சில் வாங்கியவருக்குச் சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் வீடு போன பிறகு, குளிர், காய்ச்சல், தாகம், வாயில் உலோகச் சுவை எல்லாம் வரும். ஓரிரு நாளில் போய்விடும். உலோகப் புகைக் காய்ச்சல் என்று மருத்துவத்தில் பெயர். பால் குடித்தால் சரியாகும் என்று வெல்டர்கள் நம்புகிறார்கள். பால் வயிற்றுக்குப் போகிறது, புகை நுரையீரலுக்குப் போகிறது. புகையை இழுக்கும் மின்விசிறி, திறந்த கதவு, உலோகப் புகைக்கான முகமூடி, இவைதான் மருந்து. கைக்குட்டை கட்டிக்கொண்டு குனிந்து பற்றவைக்கும் பையன்களைப் பார்க்கும்போதெல்லாம் மனம் பதறுகிறது.

பற்றவைத்து முடிந்ததும் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. இணைப்பின் விளிம்பில் சீலர் போட்டு இடுக்கின் வாயை அடைக்க வேண்டும், தண்ணீர் உள்ளே போனால்தானே எவன்ஸின் சொட்டு தொடங்கும். பெட்டிபோல் மூடிய உட்பகுதிக்குள் நீண்ட குழாயை விட்டு மெழுகு தெளிக்க வேண்டும். கீழே உள்ள வடிகால் ஓட்டைகளைப் பட்டியாலும் சீலராலும் அடைத்துவிடாமல் பார்க்க வேண்டும். என் காரின் முதல் வேலையில் மூன்று ஓட்டைகளில் இரண்டு பட்டியால் மூடிக் கிடந்தன.

உங்கள் காரை வெட்டி ஒட்டும் வேலைக்கு விடும்போது பெயிண்ட் நிறம் பொருந்துமா என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். தகட்டை மூடும் முன் ஒரு போன் போடச் சொல்லுங்கள். போய் நின்று பாருங்கள், அல்லது படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஒன்றையொன்று பார்க்கப்போகும் இரண்டு முகங்களும் மங்கிய சாம்பல் நிறத்தில், துருவின் சுவடு இல்லாமல், மெல்லியதாக ஒரே சீராகப் பூசப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் மூட வேண்டாம் என்று மேஸ்திரியிடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். மூடிய பிறகு அங்கே யார் கையும் போகாது.